பேன் இல்லாத வீடு

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்ட அன்று, வான்காரன் ஒழுங்கையில் நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்க, அவர் அப்பாவிடம் கடைசியாகச் சொன்னது அக்காவின் தலைமுடியைப் பற்றித்தான். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் வைக்க வேண்டும். ஈரத்தலையைச் சீவக்கூடாது. சிக்கை நுனியிலிருந்து எடுத்துவர வேண்டும், உச்சியிலிருந்து இழுக்கக்கூடாது. வெந்தயத்தை முதல் நாளே ஊறப்போட வேண்டும். எங்கள் கிணறு உவர். அதில் தலை முழுகினாலும் கடைசி வாளி நல்லதண்ணீராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முடி தேங்காய்த் தும்பாகிவிடும். அப்பா எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினார். வானொலியில் புயல் எச்சரிக்கை சொல்லும்போதுகூட அவர் முகத்தை அவ்வளவு கவனமாக வைத்திருந்ததில்லை.

"நான் வருமட்டும் வெட்டிப்போடாதேங்கோ" என்றார் அம்மா.

"என்னை என்னெண்டு நினைச்சனீ? இவ்வளவு வலையைச் சிக்கெடுக்கிறவனுக்கு ஒரு தலையைச் சிக்கெடுக்கத் தெரியாதே?"

அம்மாவுக்கு அதையெல்லாம் அவருடைய தாய் செய்துவிட்டவர். தாய்க்கு அவருடைய பெரியம்மா செய்துவிட்டவராம். அதற்கு முன் யார் என்று யாரும் கேட்டு வைத்திருக்கவில்லை. அது ஓர் ஆம்பிளையின் கைக்கு வந்து சேர்ந்தது எங்கள் வீட்டில்தான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

முதல் திங்கட்கிழமையே அது தெரிந்துவிட்டது. அப்பா அக்காவை வாங்குப் பலகையில் இருத்தி, முடியை மூன்றாகப் பிரித்து, தனக்குத் தெரிந்த ஒரே முறையில் முறுக்கினார். அது கயிறு முறுக்கும் முறை. நுனியை வலை நூலால் கட்டி, கடலில் எவ்வளவு இழுத்தாலும் அவிழாத முடிச்சைப் போட்டார். அக்காவின் புருவம் இரண்டும் மேலே ஏறிவிட்டன. அன்று முழுவதும் எதையோ கண்டு ஆச்சரியப்பட்ட முகத்தோடுதான் அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பின்னேரம் அந்த முடிச்சை அவிழ்க்க அப்பாவாலேயே முடியவில்லை. கடைசியில் மாமிதான் பாக்குவெட்டியோடு வந்து நூலை நறுக்கினார்.

மாமி அப்பாவின் தங்கை. பள்ளிமுனையில் எங்கள் வளவுக்கும் அவருடைய வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். அந்த வேலிக்கு மேலால் அவருடைய தலை எந்த நேரத்திலும் தெரியலாம்.

"அண்ணை, இது பிள்ளையின்ர தலை. நங்கூரக் கயிறு இல்லை."

"எனக்குத் தெரியும். நீ உன்ர வேலையைப் பார்."

"தாய் இல்லாத வீட்டில இவ்வளவு முடி எதுக்கு? கழுத்தோட வெட்டி விடுங்கோ. இருந்து பாருங்கோ, தலை முழுக்கப் பேன் பிடிக்கப்போகுது."

"என்ர வீட்டில ஒரு பேன் கண்டியெண்டா அண்டைக்கு வந்து கதை."

இந்த ஒரு வாக்குக்காக அப்பா பட்ட பாடு கொஞ்சமில்லை. தங்கையிடம் கேட்க மானம் விடாது. ஆகவே வாடியில் கருவாடு காயப்போடும் பெண்களிடம், யாருக்காகவோ விசாரிப்பதுபோல மெல்ல மெல்லக் கேட்டு வந்தார். ஒருத்தி தேங்காய்ப்பால் என்றாள். ஒருத்தி முட்டை வெள்ளைக்கரு என்றாள். அரிசி கழுவிய தண்ணீரைப்போல ஒன்றுமில்லை என்று இன்னொருத்தி சத்தியம் பண்ணினாள். எல்லாரும் தங்கள் தங்கள் தாயின் தலையைச் சாட்சிக்கு இழுத்தார்கள். யாரையும் பகைக்க விரும்பாத அப்பா ஒரு கிழமை எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வைத்ததில், அன்றிரவு அக்காவைத் தேடிக்கொண்டு எறும்பு வந்தது.

பிறகு அவர் அம்மா சொன்னதற்கே திரும்பினார். வெந்தயம், கசக்கிய செவ்வரத்தை இலை, கடைசியில் ஒரு தேசிக்காயின் புளிச்சாறு. முழுகி முடிந்ததும் அக்காவை வாங்கில் படுக்கவைத்து, வலை காயப்போடும் கம்பில் முடியை விரித்துவிடுவார். கீழே ஒரு சிரட்டைத் தணலில் சாம்பிராணி புகையும். தெருவால் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். பின்னல் பின்னுவது மட்டும் அப்பாவுக்குக் கடைசிவரை நன்றாக வரவில்லை. ஆனால் புருவம் மேலே ஏறாத அளவுக்கு வந்தது.

நல்லதண்ணீர் கொண்டுவருவதும் பேன் பார்ப்பதும் என் வேலை. நான் கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை. நாலு பேர் கூடினால் வாய் திறக்க மாட்டேன். ஆனால் கண் நல்ல கண். வெள்ளைத் துணியை விரித்து, பேன்சீப்பால் இழுத்து இழுத்துப் பார்ப்பேன். முதல் மாதம் சிலது அகப்பட்டது உண்மைதான். வேப்பெண்ணெய் வைத்து அவற்றை ஒழித்த பிறகு ஒன்றும் இல்லை. ஈர்கூட இல்லை. அப்பா வேண்டுமென்றே வேலிப்பக்கமாகப் போய் நின்றுகொண்டு கேட்பார்.

"என்னடா, இருக்கே?"

"இல்லையப்பா."

"என்ன? கேக்கேல்லை."

"ஒண்டும் இல்லை!" என்று நான் வேலிக்கு அந்தப்பக்கம் கேட்கும்படி கத்துவேன். சத்தமாகப் பேச நான் பழகியது அந்த இரண்டு சொல்லில்தான்.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. அக்காவின் முடி இடுப்பைத் தாண்டியது. வேதக்கோயிலில் பின்வாங்கில் இருக்கும் பெண்கள் அவள் முழங்காலில் நிற்கும்போது பின்னலைத் தொட்டுப் பார்த்தார்கள். அம்மா வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அப்பா நன்றிப் பூசை ஒன்றுக்கும் கொடுத்து வைத்தார்.

அம்மா ஒரு புதன்கிழமை வந்து இறங்கினார். தலையில் ஒரு கறுப்புத் துணியை இறுக்கிச் சுற்றியிருந்தார். தலையிடி என்றார். வந்த சனங்கள் சூட்கேசைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். பொழுதுபட்டதும் கதவைச் சாத்திவிட்டு, அக்காவைத் திரும்பி நிற்கச் சொல்லி, பின்னலைக் கையில் எடுத்து மணந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் தன்னுடைய துணியை அவிழ்த்தார்.

கழுத்துக்கு மேலே வெட்டியிருந்தது. ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய. ஓரிடத்தில் தோல் தெரிந்தது.

"சோத்தில ஒரு தலைமயிர் கிடந்ததாம்" என்றார் அம்மா, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. "அந்த வீட்டு மனுசி குசினியிலேயே வைச்சு வெட்டினது. நான் என்ன செய்யிறது? பேசாம நிண்டனான்."

 அப்பா கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல வாங்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஊர்ச்சனத்துக்குத் தெரியக்கூடாது" என்றார் அம்மா. அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒருமுறை இப்படி முடி கத்தரிக்கப்பட்டு வந்த ஒரு பெண்ணை, அங்கே களவெடுத்துப் பிடிபட்டிருப்பாள் என்று ஊர் தானாகவே முடிவு கட்டிவிட்டது. பிறகு அவளை யாரும் நல்லது கெட்டதுக்கு அழைத்ததில்லை.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை பூசை?" என்றார் அப்பா.

"நீங்கள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. எனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ."

"உனக்காகத்தானே பூசை. எத்தினை நாளைக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுறது?"

 முடி வளர எவ்வளவு காலம் எடுக்கும் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் நன்றாகத் தெரியும். வியாழனும் வெள்ளியும் அவர் வாசலுக்கு வரவில்லை. யாராவது கூப்பிட்டால் உள்ளே இருந்தே குரல் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை நான் வழக்கம்போல நல்லதண்ணீர் வாளியோடு வந்தேன். அக்கா கிணற்றடியில் நின்றாள். ஒரு கையில் அப்பாவின் கத்தரிக்கோல். மற்றக் கையில் பின்னல். பின்னல் தலையில் இல்லாமல் கையில் இருக்கிறது என்பது எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. வாளியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேன்.

"அம்மா! அக்கா வெட்டிப்போட்டாள்! அம்மா!"

குசினிக்குள் அடுப்படியில் இருந்த அம்மா, பிள்ளைக்கு என்னவோ நடந்துவிட்டது என்று, இருந்த கோலத்திலேயே ஓடிவந்தார். தலையில் துணி இல்லை. அப்பா வலையை விட்டுவிட்டு ஓடிவந்தார். அதற்குள் வேலிக்கு மேலே மாமியின் தலையும் வந்துவிட்டது.

மாமி அக்காவைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"என்ன மச்சாள் இது? நீங்களுமோ?"

அம்மாவின் கை இரண்டும் தலைக்குப் போயின. அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

"மாமி, எனக்குப் பேன்" என்றாள் அக்கா. செபம் ஒப்புவிப்பதுபோல மூச்சுவிடாமல் சொன்னாள். "அம்மா வந்த அண்டைக்கு என்னோட படுத்ததில அவவுக்கும் ஏறிட்டுது. அதுதான் ரெண்டு பேரும் வெட்டினனாங்கள்."

 இரண்டு வருஷம் சீப்பு இழுத்தவன் நான்.

"பொய்!" என்று கத்தினேன். "ஒண்டும் இல்லை! ஒரு பேனும் இல்லை!"

மாமி அப்பாவின் பக்கம் திரும்பினார். "அண்ணை?"

அப்பா அக்காவின் கையில் இருந்த பின்னலைப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவர் இனி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேலிப்பக்கமாகப் போவார். அதைத்தான் எதிர்பார்த்து நின்றேன்.

"ஓம் தங்கச்சி" என்றார் அப்பா. "பேன்தான். நீ அப்பவே சொன்னனீ. நான்தான் கேக்கேல்லை."

"இவன் இல்லையெண்டு கத்துறான்?"

"இவனுக்கு என்ன தெரியும்? இருந்த பேனையெல்லாம் இல்லை இல்லை எண்டு சொல்லிக்கொண்டிருந்தவன்."

உலகத்தில் இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதேன். மாமி கைகொட்டிச் சிரிப்பார், தெரு முழுக்கப் போய்ச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் அம்மாவின் கைகளுக்கு இடையில் தோல் தெரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேலிக்கு அந்தப்பக்கம் தலை இறங்கிவிட்டது.

அம்மா பின்னலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனீ?"

"வளரும்தானே அம்மா" என்றாள் அக்கா. "ரெண்டு பேருக்கும் ஒண்டா வளரும்."

எனக்கு அநியாயம் அதோடு முடியவில்லை. அப்பா சேர்ட்டை மாட்டிக்கொண்டு என்னைக் கையில் பிடித்துச் சலூனுக்குக் கூட்டிப்போனார். சலூன்காரர் என் தலையைக் கிளறிப் பார்த்துவிட்டு, "இவன்ர தலையில ஒண்டும் இல்லையே அண்ணை?" என்றார். கடவுள் அனுப்பிய சாட்சியைப்போல நான் அவரைப் பார்த்தேன்.

"உனக்குக் கண் தெரியேல்லை. வழிச்சு விடு" என்றார் அப்பா. எனக்கு மொட்டை போட்டு முடிந்ததும், துணியை உதறச் சொல்லி, அதே கதிரையில் அவரும் ஏறி இருந்தார்.

அந்த முடியெல்லாம் பிறகு வளர்ந்தது. அம்மாவும் அக்காவும் ஒரே கிண்ணத்து எண்ணெயை வைத்துக்கொண்டு, யாருடையது முதலில் தோளைத் தொடும் என்று பந்தயம் பிடித்தார்கள். அக்காதான் வென்றாள். இப்போது அவளுடைய மகளுக்கு அம்மா வெந்தயம் அரைக்கிறார். அப்பா பக்கத்தில் இருந்து, நுனியிலிருந்து சிக்கெடு, நுனியிலிருந்து எடு என்று சொல்லிச் சொல்லிப் பேச்சு வாங்குகிறார். நானும் பிள்ளைகள் பெற்று, வலைக்குள்ளேயே பாதி வயதைக் கழித்துவிட்டேன். ஆனால் என் மனதில் நிற்பது மொட்டை போட்டதற்கு மறுநாள், அந்த ஞாயிற்றுக்கிழமை.

நாங்கள் நாலு பேரும் கோயிலுக்குப் போனோம். இரண்டு மொட்டை, இரண்டு கட்டை முடி. கோயில் வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். விஷயம் ஏற்கனவே போய்ச் சேர்ந்திருந்தது.

"குவைத்தால வந்தவ எங்களுக்கு என்ன கொண்டு வந்தவ எண்டு பாத்தா, மோளெல்லோ அவவுக்குப் பேன் குடுத்திருக்கிறாள்!" என்றாள் ஒருத்தி.

"தகப்பன் வளர்த்த பேன். சும்மாவே? ஒவ்வொண்டும் பாரைமீன் குட்டி அளவு வரும்" என்றாள் இன்னொருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வெட்கப்பட வேண்டிய இடத்தில் இவர் ஏன் சிரிக்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. அப்பா என் மொட்டைத் தலையில் கையை வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

பெண்கள் பக்கத்து வாங்கில் அம்மாவும் அக்காவும் போய் இருந்தார்கள். சிரித்த பெண்கள் சிரித்தபடியே கொஞ்சம் தள்ளி இருந்தார்கள்; யாருக்கும் தலையில் ஏற்றிக்கொள்ள விருப்பம் இல்லை. அம்மாவுக்கு இரண்டு பக்கமும் இடம் வெறுமையாகக் கிடந்தது. பூசை தொடங்கும் நேரத்தில் மாமி வந்தார். பேன் என்ற சொல்லைக் கேட்டாலே தன் தலையைச் சொறியத் தொடங்குகிற மாமி. அவர் அந்த வெறும் வாங்கைப் பார்த்தார். நேரே போய் அம்மாவின் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி இருந்தார். நழுவி விழுந்த அம்மாவின் முக்காட்டைத் தன் கையால் எடுத்துச் சரிசெய்தார். பிறகு பாட்டுப் புத்தகத்தை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, தன் தலையை அம்மாவின் தலையோடு முட்டினாற்போலச் சாய்த்துப் பாடத் தொடங்கினார்.

ஆம்பிளைகள் பக்கத்தில் இருந்து நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பேன் இல்லை என்பது எனக்குத் தெரியும். மாமிக்கு அது எப்படித் தெரிந்தது என்பதுதான் பூசை முடியுமட்டும் எனக்கு விளங்கவில்லை.