எல்லாப் பார்ட்டிலும் ஒரே பெயர்

நேற்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு மிஷினின் அசெம்பிளிக்குள், அதாவது பாகமெல்லாம் பொருத்திய முழு வரைபடத்துக்குள், புதுப் பார்ட் ஒன்றைத் தொடங்கினேன். எந்த டெம்ப்ளேட் வேண்டும் என்று அது மரியாதையாகக் கேட்டது. சாதாரணக் கேள்விதான். எனக்கோ பழைய ஏசியின் ஈரத்துணி நாற்றம் எங்கிருந்தோ மூக்கில் ஏறியது.

அந்த நாற்றம் தட்டாஞ்சாவடியில் நான் முதன்முதலில் வேலை பார்த்த டிசைன் ஆபீசுடையது. ஒரு மாடி, நாலு கம்ப்யூட்டர், முதலாளி வீட்டில் கழித்துக்கட்டிய சோபா. முதலாளி குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அவரை 'முசியே' என்றுதான் கூப்பிட வேண்டும். சார் என்றால் காது கேட்காது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு முசியே என்றவன்தான். வரைவதில் நான் சுமார். நான் போட்ட துளைக்குள் நான் போட்ட போல்ட்டே போகாது.

நன்றாக வரைந்தவள் கலைவாணி. கதிர்காமத்துப் பெண், அப்பா மூடிப்போன மில்லில் வேலை பார்த்தவர். கனகசெட்டிக்குளத்து மீனவர்களுக்காக ஐஸ் உடைக்கும் மிஷின் ஒன்றை முழுசாக அவள்தான் வரைந்தாள். கரையில் போய் நின்று, சம்மட்டியால் ஐஸ் உடைக்கிறவர்களை அரைநாள் பார்த்துவிட்டு வந்தாள். அவள்மேல் மீன் கவிச்சி அடிக்கிறது என்று கர்ச்சீப்பால் மூக்கை மூடிக்கொண்டான் முசியேவின் மகன் பிரான்சுவா. அவனுக்கு அங்கே நாற்காலி உண்டு, வேலை கிடையாது.

டெம்ப்ளேட் என்பது பெரிய வித்தை இல்லை, பேர் அச்சடித்த லெட்டர்பேட் மாதிரிதான். என்ன அளவு, என்ன உலோகம், வடிவமைத்தது யார் என்பதெல்லாம் அதில் முன்கூட்டியே நிரப்பியிருக்கும். கலைவாணி தன் பெயரில் ஒன்று வைத்திருந்தாள். ஆனால் அசெம்பிளிக்குள் இருந்தபடியே புதுப் பார்ட் போட்டால் எங்கள் கம்ப்யூட்டர் எதையும் கேட்காது, ஆபீஸ் டெம்ப்ளேட்டைத் தானாக எடுத்துக்கொள்ளும். அதில் வடிவமைத்தவர் பிரான்சுவா! ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமே என்று ஐஸ் மிஷினின் பாகங்களை எல்லாம் அவள் அசெம்பிளிக்குள்தான் வரைந்திருந்தாள். இனிமேலாவது கேட்கட்டும் என்று செட்டிங்கை மாற்றிப் பார்த்தாள். மறுநாள் காலையில் அது பழையபடி இருந்தது.

ஃபைலில் பெயரை மாற்றும் பாஸ்வேர்ட் முசியேவிடம்தான் இருந்தது, அவரிடமே போனாள்.

"என் பேர் வரணும் முசியே. சென்னையில இன்டர்வியூ இருக்கு, இதத்தான் காட்டப் போறேன்."

"பேர்ல என்னம்மா இருக்கு? சம்பளம் வருதுல்ல?"

"அப்ப பிரான்சுவா பேர எடுத்துடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே பல்லைக் குத்த ஆரம்பித்தார். குத்திய குச்சியை மோந்து வேறு பார்த்தார். பெரிய மனுஷராம்.

சென்னையில் ஃபைல்களைத் திறந்து பார்த்தவர்கள், இது யாரோ பிரான்சுவா செய்ததாயிற்றே என்று கேட்டிருக்கிறார்கள். "திருடின்னு நெனச்சிட்டாங்கண்ணா" என்றாள் திரும்பி வந்ததும். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டாள். அதே ஃபைல்களைக் காட்டிப் பிரான்சுவா பிரான்சில் வேலை வாங்கினான். முசியே எங்களுக்கெல்லாம் கேக் கொடுத்தார். உங்களிடம் சொல்வதற்கென்ன, நானும் தின்றேன். அதைவிட அசிங்கமான தீனியை நான் தின்றதில்லை.

அந்த ஆபீஸ் இப்போது இல்லை. மாடியை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். முசியேவும் மகனிடமே போய்விட்டார். அந்தக் கம்ப்யூட்டர்கள் எந்தக் குப்பையில் கிடக்கின்றனவோ. மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் கதிர்காமம் ஆஸ்பத்திரி வாசலில் கலைவாணியைப் பார்த்தேன். துணிக்கடையில் பில் போடுகிறாளாம். கூட அவள் மகள் நின்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"உங்க அம்மா வரைஞ்ச மிஷின்தாம்மா கனகசெட்டிக்குளத்துல இன்னும் ஐஸ் உடைக்குது" என்றேன் மகளிடம்.

"ஐயோ, அது பிரான்சுவா வரைஞ்சதுண்ணா" என்றாள் கலைவாணி. "நான் சும்மா கூடமாட இருந்தேன், அவ்ளோதான்."

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே சொன்னாள்.