பழப்புளி போட்டு மினுக்கிய தோட்டாக் கோதுகள்

வெளிநாட்டிலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு விடுமுறையில் வருகிறவர்கள் சும்மா வருவதில்லை. அங்கே செய்தால் கட்டுப்படியாகாத வேலைகளையெல்லாம் வருடக்கணக்காகச் சேர்த்துவைத்து, பெட்டியில் கட்டிக்கொண்டு வருவார்கள். பல் அடைப்பது, மூக்குக்கண்ணாடி மாற்றுவது, சாறிக்குச் சட்டை தைப்பது, அறுந்த சங்கிலியை ஒட்டுவது. நோர்வேயில் முப்பது வருடங்களுக்கு மேலாக இருக்கிற என் மச்சான், அதாவது என் மனைவியின் தமையன், கடைசியாக வந்தபோது இந்தப் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார். வந்த மறுநாளே ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தார். நாற்பத்திரண்டு வெற்றுத் தோட்டாக் கோதுகள் உருண்டன.

"எல்லாம் கறுத்துப் போச்சுது, மச்சான். இஞ்சை ஆரிட்டையாவது குடுத்து மினுக்கி எடுக்கலாம் எண்டு கொண்டு வந்தனான். அங்கை மெசினுக்குள்ளை போட்டும் உந்தக் கறை போகுதில்லை."

நான் முதலில் செய்த வேலை ஜன்னல் திரையை இழுத்து மூடியது. இரண்டாவது, ஒவ்வொன்றாக எண்ணி டின்னுக்குள் போட்டது. மூன்றாவதாக மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். ஒன்று அங்கே கிடந்தது.

நான் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எந்த வீட்டில் என்ன விபத்து நடக்கக்கூடும் என்று யோசிப்பதற்காகவே எனக்குச் சம்பளம் தந்தார்கள். ஆனால் வெள்ளவத்தையில் ஒரு தமிழன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாற்பத்திரண்டு தோட்டாக் கோதுகள் உருளும் விபத்தை எந்தப் படிவத்திலும் நான் கண்டதில்லை. அதுவும் அந்த மாதத்தில். கனடாவிலிருக்கும் எங்கள் ஒரே மகள் எங்கள் இருவரையும் ஸ்பொன்சர் செய்திருந்தாள். நான்கு வருடக் காத்திருப்பு. எல்லாக் காகிதமும் கொடுத்தாகிவிட்டது. மிச்சமிருந்தது பொலிஸ் நற்சான்றிதழ் ஒன்றுதான். அதற்காக ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து நாங்கள் இந்த விலாசத்தில்தான் இருக்கிறோமா என்று பார்த்துப் போக வேண்டும். என்றைக்கு வருவார் என்று சொல்லமாட்டார்கள். மகள் ஏழு மாதம். குழந்தை பிறக்கும்போது அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் மச்சானுக்கு விளக்கினேன். அவர் சிரித்தார்.

"உங்களுக்கு இன்னும் பயம் போகேல்லை. உது வெறுங் கோது. பித்தளை. அங்கை பொலிஸ்காரன் வருசா வருசம் என்ரை வீட்டை வந்து துவக்கு வைக்கிற அலுமாரியைப் பார்த்து, கோப்பி குடிச்சு, தாங்ஸ் சொல்லிப்போட்டுப் போறவன். பொலிஸ் எண்டால் நாங்கள் சம்பளம் குடுக்கிற ஆள், மச்சான்."

அந்தத் துவக்கைப் பற்றி, அவர் தங்கியிருந்த ஒரு மாதமும் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாகிவிட்டது. ஒஸ்திரியாவில் செய்தது, அவருடைய வயதைவிட இரண்டு மடங்கு பழையது, வேலையிடத்தில் இருந்த ஒரு நோர்வேக் கிழவரிடமிருந்து வாங்கியது. அதற்குப் பொருந்தும் தோட்டா இப்போது எந்தக் கடையிலும் கிடையாது. ஐரோப்பாவே கைவிட்டுவிட்ட அந்தத் தோட்டாவை என் மச்சான் மட்டும் தன் வீட்டு நிலக்கீழ் அறையில் கையால் செய்துகொண்டிருந்தார். சுட்டு முடிந்த கோதைப் பொறுக்கி எடுத்து, துடைத்து, அளந்து, மறுபடியும் வெடிமருந்து நிரப்பி, புதுக் குண்டு பொருத்தி வைப்பார். மருந்தை நிறுக்க அவரிடம் ஒரு தராசு உண்டு. அதன் பக்கத்தில் பெருமூச்சு விட்டால் கணக்குப் பிசகிவிடுமாம். தங்கைக்குக் கலியாணமாகும் வரை ஒருநாள்கூடச் சோற்றுக்கு உப்பு அளந்து போட்டறியாத மனிதர் இவர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

கொப்பி ஒன்றும் வைத்திருந்தார். ஒவ்வொரு கோதுக்கும் ஒரு இலக்கம், எத்தனை முறை சுட்டது, நிறை என்ன, கழுத்து எவ்வளவு நீண்டுவிட்டது. ஒரே நிறையுள்ளவற்றைத் தேடிச் சோடி சேர்ப்பதைப் பார்த்தபோது சாதகம் பொருத்துகிறவர்கள் கெட்டார்கள் என்று நினைத்தேன். ஒன்று பொருந்தாவிட்டால் தள்ளி வைத்துவிடுவார். அவர் மகளுக்கு முப்பத்திரண்டு வயது, இன்னும் பொருந்தவில்லை.

"இவ்வளவு பாடுபட்டு இதுவரைக்கும் எத்தினை மான் சுட்டிருப்பியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்டு."

"விழுந்ததோ?"

"காற்று மாறிப் போச்சுது" என்றார். பிறகு மெதுவாக, "வெள்ளிக்கிழமையிலை நான் துவக்குத் தொடுறேல்லை. அங்கை எல்லாரும் வேட்டைக்குப் போறது வெள்ளிக்கிழமையிலைதான்" என்றார்.

கோதுகளைச் செட்டியார் தெருவுக்கு எடுத்துப் போய் நகைக்காரரிடம் கொடுத்து மினுக்கலாம் என்பது அவருடைய யோசனை. பஸ்ஸில் டின்னோடு போகிற வழியில் யாராவது மறித்து உள்ளே என்ன என்று கேட்டால் பிஸ்கட் என்று சொல்வதா என்று நான் கேட்டேன். இரண்டு நாட்கள் இந்த வாக்குவாதம் நடந்தது. மூன்றாம் நாள் மனைவி அடுப்படியிலிருந்து வந்து டின்னைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"பித்தளைதானே. குத்துவிளக்கு மினுக்கிற கைக்கு இது ஒரு வேலையோ?"

ஒரு சட்டி நிறையப் பழப்புளியைக் கரைத்து, உப்பும் போட்டு, கோதுகளை அதற்குள் இறக்கினாள். மச்சான் பக்கத்தில் நின்று தவித்தார். அங்கே அவர் இதற்காக வாதுமைக் கோதை நொறுக்கிப் போட்டு இரவு பகலாகச் சுற்றும் ஒரு இயந்திரம் வைத்திருந்தாராம். ஒரு மணித்தியாலத்தில் மனைவி முதலாவது கோதை எடுத்துக் கழுவிக் காட்டினாள். வாங்கிய அன்று பார்த்த பொன் நிறம். மச்சான் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அவருடைய கலியாண வீட்டிலும் கண்டதில்லை. அன்றைக்கே நோர்வேயிலுள்ள தன் துவக்குச் சங்கத்துக்குப் படம் அனுப்பினார். பழப்புளி என்பதை அந்த மொழியில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு மணித்தியாலம் போனது.

இனிக் காயவேண்டும். உள்ளே ஒரு துளி ஈரம் இருந்தாலும் மருந்து கெட்டுவிடும் என்று சொல்லி, ஒரு சுளகில் பரப்பி மூன்றாம் மாடி பல்கனியில் வெயிலில் வைத்தார். எதிரே ஆறு மாடி பிளட். அத்தனை ஜன்னல்களும் எங்கள் பல்கனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. நான் மேலே ஒரு துவாயைப் போட்டேன். அவர் எடுத்தார். நான் மறுபடி போட்டேன். அவர் இடுப்பிலிருந்த சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சுளகுக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் வெயிலுக்குத் திருப்பி வைத்தார்.

காயவைத்த மூன்றாம் நாள் காலை பத்தரைக்குப் போன் வந்தது. பொலிஸிலிருந்து. சிங்களத்தில் மரியாதையாகப் பேசினார்கள். இருபது நிமிடத்தில் ஒருவர் வருவார், வீட்டில் இருப்பீர்களா என்று கேட்டார்கள். இருப்போம் என்று சொன்னேன். போனை வைத்துவிட்டு நேரே பல்கனிக்குப் போனேன்.

"உதுகளை எடுங்கோ" என்றேன்.

"எங்கை வைக்கிறது?" என்றார் மச்சான். முதல் தடவையாக அவர் குரலில் சிரிப்பு இல்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் யோசிக்க நேரமிருக்கவில்லை.

கட்டிலுக்குக் கீழே என்றேன். தேடினால் முதலில் பார்ப்பது அங்கேதான் என்று நானே சொன்னேன். அரிசி வாளிக்குள் என்றேன். கழிவறைத் தொட்டிக்குள் என்றேன். கீழே எறிவோம் என்றுகூடச் சொன்னதாக மனைவி பிறகு சொன்னாள், எனக்கு நினைவில்லை. அவள் சுளகை என் கையிலிருந்து பறித்தாள்.

"இஞ்சருங்கோ, ஒளிச்சு வைச்சால்தான் கேள்வி. பித்தளைச் சாமானை வைக்கிற இடத்திலை வைப்பம்."

சுவாமிப் படங்களுக்கு முன்னால் நாற்பத்திரண்டு கோதுகளையும் இரண்டு வரிசையாக நிற்பாட்டினாள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு ஊதுபத்தியைச் செருகினாள். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தின. சும்மா செருகி வைத்தால் நம்பமாட்டார்கள் என்று எல்லாவற்றையும் கொளுத்தியும் விட்டாள். பத்து நிமிடத்தில் பிள்ளையாரும் தெரியவில்லை, முருகனும் தெரியவில்லை. எனக்கு இருமல் தொடங்கியது.

வந்தவர் இளைஞர், என் மகளின் வயதுகூட இருக்காது. சப்பாத்தை வாசலில் கழற்றினார். நான் என் கோப்பை நீட்டினேன். எண்பதுகளிலிருந்து நான் கொழும்பில் சீவித்ததற்கான அத்தனை ஆதாரமும் அதில் இருந்தது. பொலிஸ் பதிவுத் துண்டுகள், கிராம சேவகர் கடிதங்கள், எங்கே தங்கினேன், யார் வீட்டில் தங்கினேன், எதற்குத் தங்கினேன் என்பதெல்லாம். அவர் கடைசி மாதத்து மின்சார பில்லை மட்டும் எடுத்து விலாசத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். மற்றதெல்லாம் வேண்டாமாம். இவ்வளவு காலம் நான் கட்டிக் காத்ததை ஒரு பையன் திறந்துகூடப் பார்க்காதது எனக்குக் கொஞ்சம் கோபமாகவே இருந்தது.

வீட்டில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். மனைவியின் அண்ணன் நோர்வேயிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறார், குளியலறையில் இருக்கிறார் என்று சொன்னேன். கூப்பிடட்டுமா என்றும் கேட்டேன். கேட்காததையும் சொல்வது எங்கள் பழக்கம்.

"கமக் நே, அங்கிள்" என்றார். பரவாயில்லை என்று.

பிறகு புகையை நோக்கிப் போனார். சுவாமித் தட்டின் முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினார். எனக்கு நிம்மதி வந்த அதே நேரத்தில் குனிந்து ஒரு கோதைத் தொட்டுப் பார்த்தார்.

"மேவா பித்தளத?"

பித்தளையா என்று கேட்கிறார். கனடா போய்விட்டது, பேரப்பிள்ளை போய்விட்டது, இனி இந்த வீட்டுக்கே திரும்பி வருவேனோ தெரியாது என்று நினைத்தேன்.

"ஒவ், புத்தா. சியம்பலா தாலா ஹேதுவே" என்றாள் மனைவி. ஓம் மகன், புளி போட்டுக் கழுவியது என்று.

அவர் முகம் மலர்ந்தது. தன் அம்மாவும் புத்தர் கோயிலான பன்சலைக்குக் கொண்டுபோகும் விளக்கை அப்படித்தான் மினுக்குவார் என்றார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், இருமினார், ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். சான்றிதழ் இரண்டு கிழமையில் வரும் என்றார். எல்லாமாக எட்டு நிமிடங்கள்.

கதவைச் சாத்திவிட்டு நான் நாற்காலியில் விழுந்தேன். முதலில் வந்தது சிரிப்பு. வந்த நாளிலிருந்து என்னைப் பயந்தாங்கொள்ளி என்றவரிடம், பார்த்தீரா, உம்முடைய தோட்டா பூசைச் சாமான் ஆகிவிட்டது என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. குளியலறைக் கதவு இன்னும் சாத்தியிருந்தது. தட்டினேன்.

"போயிட்டாங்களோ?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"போயிட்டார். ஒராள்தான் வந்தவர்."

"கீழை வாகனம் நிக்குதோ பாரும்."

பல்கனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாள் திறந்தது.

காலையில் சாரத்தோடு இருந்தவர், நீளக் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போட்டிருந்தார். சப்பாத்து நாடா இறுக்கிக் கட்டியிருந்தது. மணிக்கூட்டையும் மோதிரத்தையும் கழற்றி, தங்கச்சியிடம் கொடுக்கும்படி என் கையில் வைத்தார். அவர் கொழும்பில் பிடிபட்ட கதை எனக்குத் தெரியாததல்ல. இருபத்திரண்டு வயதில், வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சியை நம்பிக் கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தபோது, விடியற்காலையில் பொலிஸ் பதிவு பார்க்க வந்தவர்கள் இவரைக் கொண்டுபோய்ப் பதினாறு நாள் அடைத்து வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியும். அவர் சிரித்ததால் மறந்துபோயிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"அவர் விலாசம் பார்க்கத்தான் வந்தவர், மச்சான். பெடியன். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்தவர்" என்றேன்.

"ஓம், ஓம். தெரியும்" என்றார். சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டினார், பிறகு கழற்றினார். "எண்டாலும் சாரத்தோடை கொண்டு போனால் நிலத்திலை படுக்கேக்கை சரியான குளிர், மச்சான்."