அக்கா கொடுத்த சிறுநீரகம்

எங்கள் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவனுக்கு 'மெயின் ஆஃப்' என்று பெயர். எதைத் தொடுவதற்கு முன்னாலும் "மெயின் ஆஃபா?" என்று மூன்று தடவை கேட்பான். டீ மெஷினிடம் போனாலும் கேட்பான் என்று கிண்டல் செய்வோம். பதினோரு வருஷம் நானும் அவனும் ஜோடி. அவன் மேலே மோட்டார் அறையில் இருப்பான், நான் அடியில் குழிக்குள். மேலே இருப்பவன் கொஞ்சம் அவசரப்பட்டால் போதும், கீழே இருப்பவன் கதை முடிந்தது. என் கதை முடியாமல் இருப்பதற்கு அவன்தான் காரணம்.

அவனுக்கு உடம்பு சரியில்லை என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது அவன் ஷூ. ஒரு வாரமாகக் கால் உள்ளே போகவில்லை. லிஃப்ட் ஓடாத கட்டிடத்துக்குத்தான் எங்களைக் கூப்பிடுவார்கள், அதனால் படியேறுவது எங்கள் பிழைப்பு. அவன் நாலாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டான். டெஸ்ட் எடுத்துப் பார்த்ததில் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன. கண்டுகொள்ளாமல் விட்ட ரத்த அழுத்தம். அதற்கப்புறம் இரண்டு வருஷம் டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம் ஊசியும் குழாயுமாகப் படுக்கை, மீதி நாள் என்னோடு வேலை. குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. நான் பாட்டிலைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கொஞ்ச நாளில் அவன் முன்னால் நானும் குடிப்பதை விட்டுவிட்டேன்.

அவன் மனைவி சிறுநீரகம் கொடுக்கத் தயாராக இருந்தாள், ஆனால் ரத்த வகை சேரவில்லை. அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். ஒரு ஹோட்டல் சலவைப் பிரிவில் நாள் முழுக்க நின்றுகொண்டு படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிற வேலை. புருஷனை விட்டு வந்து தனியாக ஒரு அறையில் இருந்தாள். ஒருநாள் டயாலிசிஸ் வார்டுக்கு வந்து அவன் கால்மாட்டில் நின்று, "எங்கிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணு சும்மாதான் கிடக்கு. எடுத்துக்கோ" என்றாள். குடையை இரவல் கொடுப்பதுபோலச் சொன்னாள்.

"அக்கா, நீ நின்னு வேலை பாக்குறவ."

"நிக்கிறது கால்லடா. கிட்னில இல்ல."

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அக்கா கண் விழித்ததும் நர்ஸிடம் கேட்ட முதல் கேள்வி, "ஓடுதா?" ஓடியது. மூத்திரப் பை நிறைந்துகொண்டே இருந்தது. வேலைக்குத் திரும்பியதிலிருந்து தினமும் காலை ஷிஃப்டுக்குப் போகிற வழியில் தன் சிறுநீரகத்தை விசாரிக்கப் போன் செய்வாள். "எம் பிள்ளை எப்படி இருக்கான்?" இவனும் விட்டுக்கொடுக்காமல், "உம் பிள்ளை என்னைத் தூங்க விடல. எப்பப் பாரு வெளிய போகணுங்கிறான்" என்பான். மூன்று மாதம் கழித்து மாஸ்க்கும் மாத்திரை டப்பாவுமாக வேலைக்குத் திரும்பினான். காலை எட்டு, இரவு எட்டு, ஒரு நிமிஷம் தவறாது. முதல் நாள் மோட்டார் அறைப் படியில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்து முடித்தான். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்து பதினாலாவது மாதம், வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்தது, சிறுநீரகம் திணறுகிறது என்பதற்கான அடையாளம். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. நன்றாகத்தான் இருந்தான். திரும்ப எடுத்தார்கள், இன்னும் ஏறியிருந்தது. டாக்டரம்மா வரச் சொன்னார். அவன் மனைவிக்கு லீவு கிடைக்காததால் அக்காவும் நானும் கூடப் போனோம்.

டாக்டரம்மா நிதானமாகப் பேசுகிறவர். "ஒரு வைரஸ். சின்ன வயசுலயே முக்கால்வாசிப் பேருக்கு வந்துட்டுப் போயிருக்கும். போறதுன்னா முழுசாப் போகாது, கிட்னிக்குள்ளயே சத்தமில்லாமப் படுத்துக்கும். நமக்கு ஒண்ணும் பண்ணாது. உடம்புல இருக்கிற எதிர்ப்பு சக்தி அதை எந்திரிக்க விடாது."

"இவனுக்கு மட்டும் ஏன் எந்திரிச்சுது?" என்றாள் அக்கா.

"இவருக்கு அந்த எதிர்ப்பு சக்தியை நாமளே மாத்திரை போட்டு அடக்கி வச்சிருக்கோம். இல்லன்னா அது உங்க கிட்னியை வேத்தாளுன்னு நினைச்சு அடிச்சிடும். அது அடங்கினதும் இது எந்திரிச்சிருச்சு."

"மருந்து?" என்றான் அவன்.

"இதை நேராக் கொல்ற மாதிரி நம்பகமான மருந்து இல்ல. உங்க உடம்புதான் கொல்லணும். அதுக்கு மாத்திரையைக் குறைக்கணும். குறைச்சா வைரஸையும் பிடிக்கும், கிட்னியையும் பிடிச்சாலும் பிடிக்கும். பாத்துப் பாத்துத்தான் செய்யணும்."

அக்கா மடியிலிருந்த பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "டாக்டர், அது இவன் உடம்புல இருந்ததா, எங்கிட்டருந்து போனதா?"

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடினார். "பெரும்பாலும் கொடுத்தவங்க கிட்னியோடதான் வரும். ஆனா அது யார் தப்பும் இல்லம்மா. எல்லார்கிட்டயும் இருக்கறது."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். அவன் என்னென்னவோ பேசிப் பார்த்தான். அக்கா தலையாட்டினாள். மறுநாள் காலை போன் வந்தது, ஆனால் பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாள்.

ஒரு மாத்திரையை நிறுத்தி, இன்னொன்றைப் பாதியாக்கினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். வைரஸ் இறங்கத் தொடங்கியது. ஆறாவது வாரம் நாலில் ஒரு பங்காகிவிட்டது. அன்று அவன் வேலையில் விசிலடித்ததைக் கேட்டேன். மோட்டார் அறையிலிருந்து குழி வரைக்கும் கேட்டது.

பத்தாவது வாரம் கிரியாட்டினின் மறுபடி ஏறியது. ஊசி போட்டுச் சிறுநீரகத்திலிருந்து துளி சதையை எடுத்துப் பார்த்தார்கள். இந்தத் தடவை காரணம் வைரஸ் இல்லை. விழித்துக்கொண்ட அவன் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அக்காவின் சிறுநீரகத்துக்குள் கூட்டமாகப் புகுந்திருந்தது. மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றி அதை அடக்கினார்கள். அடங்கியதும் வைரஸ் பழைய இடத்துக்கே ஏறி நின்றது. இதை அடக்கினால் அது, அதை அடக்கினால் இது. இப்படியே ஐந்து மாதம் ஓடியது. கடைசியில் டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதுக்கு மேல தள்ளினா உங்க உயிருக்கே ஆபத்து. இந்தக் கிட்னியை இத்தோட விட்டுடுவோம்" என்றார்.

அவன் அக்காவிடம் சொல்லவில்லை. காலையில் போன் வரும்போதெல்லாம் "நல்லாருக்கேன், நல்லாருக்கேன்" என்றான். மனைவி சண்டை பிடித்தாள். "உங்க அக்காகிட்ட எத்தனை நாளைக்கு மறைப்பீங்க? நாளைக்கு வேற யாராவது சொல்லித் தெரிஞ்சா?" மூன்று வாரம் இப்படியே ஓட்டினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனைப் பார்க்க நான் போயிருந்தபோது அக்கா சொல்லாமல் வந்தாள். நேராகச் சமையலறைக்குப் போனாள் தண்ணீர் குடிக்க. அங்கே மேடையில் ஒரு பாட்டில், மேலிருந்து கீழே மார்க்கரால் கோடு கோடாகப் போட்டது. டயாலிசிஸ் காலத்தில் அவன் தண்ணீர் அளந்து குடித்த அதே மாதிரி. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றாள்.

"எத்தனை நாளா?"

"போன புதன்கிழமைலருந்து மறுபடி டயாலிசிஸ் போறேன்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். "எங்கிட்ட இருந்தவரைக்கும் ஒழுங்காத்தானே இருந்தான்" என்றாள்.

"நான் சரியாப் பாத்துக்கலக்கா."

"நீ என்ன பாத்துக்கறது? நான் கொடுத்ததே பூச்சி பிடிச்சதுதானே."

"அப்படிச் சொல்லாத. மாத்திரை ஒரு நாள் லேட்டாப் போட்டேன். பஸ்ல மாட்டிக்கிட்டேன்."

"ஒரு நாளைக்கெல்லாம் இப்படி ஆகாது. சும்மா உம் மேல போட்டுக்காத."

பழியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள், யாரும் மற்றவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அவன் மனைவி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் போதும்" என்றாள். எனக்கு எழுந்து போகவும் தெரியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

இப்போது அவன் ஆபீஸில் புகார் போன் எடுக்கிறான். மாடி ஏறுகிற தெம்பு இல்லை. எனக்கு வேறு ஜோடி கொடுத்திருக்கிறார்கள், நல்ல ஆள்தான், ஆனால் குழிக்குள் இறங்கும்போது "மெயின் ஆஃபா?" என்று இப்போது நான்தான் மூன்று தடவை கேட்கிறேன். வைரஸ் முழுக்க இறங்கினால் இன்னொரு சிறுநீரகத்துக்குப் பதிவு செய்யலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அவன் ஃபாரத்தை வாங்கி மடித்து வைத்திருக்கிறான், நிரப்பவில்லை. கேட்டால், "அப்புறம் பாக்கலாம்" என்கிறான். அக்காவோ வருஷா வருஷம் போக வேண்டிய செக்கப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாள். இஸ்திரி மெஷின் முன்னால் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பதாக அவளோடு வேலை பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள்.

போன வியாழக்கிழமை டயாலிசிஸ் வார்டுக்குப் போனேன். அக்கா அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தாள். மெஷின் ஓடுகிறபோது அவனுக்குக் குளிரும், அதனால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தாள். அவன் கண்ணை மூடியிருந்தான், தூங்கவில்லை.

ஷிஃப்டுக்கு நேரமாகி அவள் எழுந்தபோது கூடவே வெளியே வந்தேன். நடையில் கொஞ்ச தூரம் போனதும் நின்றாள்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். அவன்கிட்ட கேக்க முடியல. எடுத்ததை என்ன பண்ணியிருப்பாங்க?"

"எதை?"

"என்னோடதை."

"எடுக்கலக்கா. தொந்தரவு கொடுத்தாத்தான் எடுப்பாங்க. இல்லன்னா அப்படியே விட்டுடுவாங்க. கொஞ்சம் கொஞ்சமாச் சுருங்கிடுமாம்."

அவள் சுவரில் கையை வைத்துக்கொண்டாள். ஒரு நர்ஸ் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள்.

"அப்ப இன்னும் உள்ளதான் இருக்கா" என்றாள்.

"ஆமாக்கா."

பஸ் வந்துவிடும் என்று படியிறங்கிப் போனாள்.