அக்காவுக்காக இளைக்கிறவர்

முதலில் சாவிக்கொத்து. பிறகு கைபேசி, தீப்பெட்டி, தஸ்பீஹ் மணி. எல்லாவற்றையும் எடுத்துப் பாகுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, செருப்பையும் கழற்றிப் போட்டு, மூச்சை முழுக்க வெளியே விட்ட பிறகுதான் முத்வல்லி மாவு மூட்டை நிறுக்கும் தராசில் ஏறுவார். மூச்சுக்கும் கனம் உண்டு என்பது அவர் கட்சி. விடிந்தும் விடியாத நேரம். கடையில் அடுப்புப் பற்றவைக்கும் ஸக்கியைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அந்த ஒருத்தனே ஊருக்குச் சமம்.

“மூட்டை இன்னிக்கு எத்தனை உஸ்தா? இறக்கி வைக்க ஆள் கூப்பிடவா?”

“வாயைப் பொத்திக்கிட்டு வேலையைப் பாருடா. எண்பத்து மூணரை.”

“நேத்து எண்பத்து மூணுதானே?”

“நேத்து நான் உள்சட்டை போடல.”

நைல் கரைத் தமியாத்தா ஊரில் முஷப்பக் இனிப்பு பிழிகிறவர்களில் முத்வல்லிக்கு நல்ல பெயர். துளையிட்ட குவளையில் மாவை ஊற்றி, கொதிக்கும் எண்ணெய்க்கு மேல் மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றினால் வலைபோல வளையம் விழும். பொன்னிறமானதும் எடுத்துப் பாகில் முக்குவார். பாகு கம்பிப் பதம் வந்துவிட்டதா என்று கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்துப் பார்ப்பார். பார்த்த விரல் அடுத்து எங்கே போகும்? வாய்க்குத்தான். இருபது வருஷப் பழக்கம். விரலுக்கும் தெரியாது, வாய்க்கும் தெரியாது.

இது வெளிச்சத்துக்கு வந்ததும் ஸக்கியால்தான். எண்ணெய் விடாத பயறு, கொழுப்பெடுத்த பாலாடைக்கட்டி, கூடை கூடையாக வெள்ளரிக்காய் என்று மனிதர் வாயைக் கட்டியும் தராசு முள் அசையவில்லை. “தண்ணி குடிச்சாலே எனக்குச் சதை போடுது” என்று அவர் புலம்பியபோது, “தண்ணியில்ல உஸ்தா, உன் விரல்” என்று அவன் போட்டு உடைத்தான். மறுநாளிலிருந்து முத்வல்லி முகத்தில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்கிறார். ஏதோ தொற்று நோய் என்று பயந்து வாடிக்கையாளர்கள் எட்டி நிற்கிறார்கள். விரல் இன்னும் துணிவரை போய் முட்டிக்கொண்டு திரும்புகிறது.

அழகுக்காக இளைக்கிற வயசில்லை அவருக்கு. நாற்பத்தொன்று முடிந்துவிட்டது, வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள். அவருடைய அக்கா இன்ஸாஃபுக்கு ஈரல் கெட்டுவிட்டது. எத்தனையோ வருஷம் முன்னால் உடம்பில் புகுந்த வைரஸை மாத்திரை கொன்றுவிட்டது, ஆனால் அது தின்ற ஈரல் தின்றதுதான். இனி யாராவது தங்கள் ஈரலில் ஒரு பங்கு வெட்டிக் கொடுத்தால் உண்டு. அக்காவின் பெண்கள் இருவருக்கும் ரத்தம் சேரவில்லை. தம்பிக்குச் சேர்ந்தது. ஆனால் மன்சூரா ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். முத்வல்லியின் ஈரலே கொழுப்பில் மிதந்துகொண்டிருந்தது.

அப்போது அவர் தொண்ணூற்றாறு கிலோ. “எண்பத்திரண்டுக்கு வாங்க. வந்தா மட்டும் போதாது, கத்தி வைக்கிற நாள்வரைக்கும் அங்கேயே நிக்கணும்” என்றார் டாக்டர். முதல் பாதியை முத்வல்லி முடித்துக் காட்டினார். நைல் கரையோரம் ஓட்டமும் நடையுமாகப் போய், கன்னம் ஒட்டி, படத்தில் தேறி, நாளும் குறித்தாயிற்று. நடுவில் வந்தது கொழுந்தியாள் கல்யாணம். அதற்கப்புறம் ஒரு பெயர் சூட்டு விழா. கத்திக்கு முந்தின பரிசோதனையில் எடையும் ஏறியிருந்தது, ஈரலில் கொழுப்பும் திரும்பியிருந்தது. நாள் தள்ளிப்போனது. இறக்குவது ஒரு வேலை, இறங்கின இடத்தில் நிற்பது முற்றிலும் வேறு வேலை என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. மலை ஏறினவனுக்கு உட்காரக் கல்லாவது கிடைக்கும். எடை குறைத்தவனுக்கு அதுகூட இல்லை.

வீட்டில் அவருக்கு இரண்டு வகைக் கால்சட்டைகள். மெலிந்த காலத்துக்கு ஒன்று, பருத்த காலத்துக்கு ஒன்று. மனைவி ஸனா இரண்டையும் தேய்த்தே வைத்திருக்கிறாள். “எதை எடுக்கட்டும்?” என்று அவள் கேட்டால் அது குத்தலா, அக்கறையா என்று கண்டுபிடிக்க முடியாது. அவரும் அங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அங்கி யாரையும் காட்டிக்கொடுக்காது.

தெருவோ, கேட்கவே வேண்டாம். ஈரல் கொடுக்கப்போகிற மனுஷனுக்குத் தெம்பு வேண்டாமா? எதிர்வீட்டிலிருந்து நெய்ச்சோறு வரும். மாடிவீட்டிலிருந்து பொரித்த ஈரல் வரும், ஈரலுக்கு ஈரல் பலமாம். வந்த தட்டை மறுத்தால் முகத்தில் அடித்த மாதிரி. வெறுந்தட்டாகத் திருப்பினாலும் மானக்கேடு, இவர் வீட்டிலிருந்தும் ஏதாவது செய்து வைத்துக் கொடுக்க வேண்டும். ஆக அடுப்பு அணைவதே இல்லை. அன்பாலேயே ஒரு மனிதனைக் கவிழ்த்துவிட முடியும் என்பதற்கு அந்தத் தெரு சாட்சி.

ஆனால் தெருவையெல்லாம் சமாளித்துவிடலாம். அக்காவை முடியவில்லை. இன்ஸாஃபின் எடையும் தம்பியுடையதைப் போலத்தான், நிலையாக நிற்பதில்லை. வயிற்றில் நீர் கோத்துக்கொண்டால் ஏறும். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வடித்துவிட்டால் சட்டென்று இறங்கும். வடித்துவிட்டு வந்த நாளில் அவள் தோள் எலும்பைப் பார்க்க முத்வல்லிக்கு நெஞ்சு பொறுக்காது. அந்த நிலையிலும் தம்பி வாசலில் தலை காட்டினால் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். வாத்துத் தோலும், நெய் மிதக்கிற அரிசியும், போகும்போது கையில் ஒரு பொட்டலமும். பாவம், பாசம், வேறென்ன என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் ஸனா பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு வார்த்தை போட்டாள். “நீங்க என்ன தின்னக் கூடாதுன்னு டாக்டர் சொன்னப்போ உங்க அக்காவும் பக்கத்துலதானே இருந்தாங்க? அவங்களுக்குக் காது நல்லாத்தானே கேக்குது?” முத்வல்லி அதட்டி வாயை அடைத்துவிட்டார். அதட்டினாரே தவிர, அன்றைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஷஅபான் மாதத்தின் நடுப் பண்டிகை வந்தது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பருவத்துக்குப் பருவம் வாத்துச் சீர் போக வேண்டும். பெண்ணுக்குப் பெண் பிறந்து அதையும் கட்டிக்கொடுத்தாலும் சீர் நிற்கக் கூடாது. கொண்டு போகிற தம்பி அவள் வீட்டில் உட்கார்ந்து கை நனைத்தால்தான் அவளுக்கு மரியாதை. ஸனா வெங்காயம் அடைத்துச் சமைத்த வாத்தை, துணி சுற்றிய பானையோடு முத்வல்லி மத்தியானம் தூக்கிக்கொண்டு போனார். அன்று காலைத் தராசு எண்பத்திரண்டு காட்டியிருந்தது. மன்சூராவில் மறுபடி குறித்த நாளுக்கு இன்னும் ஒன்பது நாள்.

அக்காவின் கணவர் ஹாஜ் அதிய்யா சாப்பிட்டு முடித்துத் தொழுகைக்குக் கிளம்பினார். “மச்சான் இன்னும் தட்டுல கையே வைக்கல. நம்ம வீட்டுச் சோத்துல அப்படி என்ன குறைச்சலாம்?” என்று போகிற போக்கில் சிரித்துவிட்டுப் போனார். அக்கா ஒரு முழுத் தொடையைப் பிட்டுத் தம்பி தட்டில் வைத்தாள்.

“வேணாம் அக்கா.”

“ஒரே ஒரு வாய், என் கண்ணுல்ல. மூஞ்சியெல்லாம் எப்படி வத்திப்போச்சு பாரு. நபி மேல ஆணை, சாப்பிடு.”

“ஆணையெல்லாம் போடாத.” அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. வேணும்னுதானே எனக்கு ஊட்டுற?”

அவள் சோற்றுப் பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒதுக்கினாள். மஞ்சள் பூத்த கண்ணை நிமிர்த்தவே இல்லை.

“போன தடவை தள்ளிப்போச்சுன்னு சொன்னாங்கள்ல, நான் அழுதேன்னுதானே நினைச்ச?” என்றாள் கடைசியில். “அன்னிக்குத்தான்டா நான் நிம்மதியாத் தூங்கினேன். என் பொண்ணுங்க ரெண்டும் கரை சேர்ந்தாச்சு. உன்னுது மூணும் குஞ்சு. உன்னை மேசையில போட்டு அறுத்து, உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அந்த ஈரலை வச்சிக்கிட்டு நான் எந்த மூஞ்சியோட ஸனா முன்னாடி நிக்கிறது?”

“அப்ப உன் மௌத்துக்கு நானே வாத்து சுமந்துட்டு வரணுமாக்கா?”

தெருவில் யாரோ பட்டாசு கொளுத்திப் போட்டார்கள். முத்வல்லிக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. இத்தனை மாசம் வெள்ளரிக்காய் தின்று காத்த உடம்பைக் கொல்லைப் பக்கமாக வந்து திருடியிருக்கிறாள். அதுவும் அவருக்காகவே. இதற்கு யாரைப் போய் வைவது?

பேச்சு அவருக்கு அவ்வளவாக வராது. நகர்ந்து அக்காவின் அருகில் உட்கார்ந்தார். வாத்து நெய் வழியும் அவள் வலக்கையைப் பிடித்து இழுத்து, பண்டிகைக்குப் போட்ட வெள்ளை அங்கியின் மேலேயே, வலப்பக்க விலாவுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டார். அவள் ஒரு தடவை கையை உருவப் பார்த்தாள். அவர் விடவில்லை. மூச்சு வாங்கி விடும்போது அந்த இடம் அவள் உள்ளங்கைக்குள் ஏறி ஏறி இறங்கியது. பிறகு இன்ஸாஃப், வைத்த கையை எடுக்காமலே, இடக்கையை நீட்டித் தம்பி தட்டிலிருந்த தொடையை எடுத்துப் பானைக்குள் போட்டு மூடினாள்.