வெரசா வந்த தண்ணி

போன மாதம் ஒரு காலை. கொடைக்கானலில் வெயில் வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். கையில் காபி டம்ளரோடு ஜன்னலோரம் நிற்கிறேன். செல்வியிடமிருந்து போன்.

"அக்கா, ஃபில்டரு சரியாயிருச்சுக்கா! இப்ப வெரசா வருது!"

குரலில் அப்படி ஒரு குதூகலம். எனக்கும் தொற்றிக்கொண்டது. "அடிசக்கை!" என்று நானும் கத்தினேன். காபி கொஞ்சம் சிந்தியது. அப்போது அது நல்ல செய்தி.

செல்வி யார், அது என்ன ஃபில்டர், அது வேகமாக வருவதில் அப்படியென்ன விசேஷம்... சொல்லிவிடுகிறேன்.

செல்விக்குக் கொடைக்கானலைத் தாண்டிய மேல்மலையில், கிளாவரைப் பக்கம் ஒரு சிற்றூர். பூண்டு, கேரட், பீன்ஸ் போடுகிற குடும்பம். சந்தைக்கு வரும்போது என் வீட்டுக்குப் பூண்டு கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்து, அப்படியே பழக்கமாகிவிட்டவள். அவள் மகள் தர்ஷினிக்கு நாலு வயசு. ஒருமுறை வாயைத் திறந்தால் மூடுவதற்கு மனசு வராது அந்தக் குழந்தைக்கு.

ஊருக்கு மேலே ஓர் ஓடை. அதிலிருந்து கறுப்பு ஓஸ் பைப் போட்டுத் தண்ணீரைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். வீட்டுக்கும் அதுதான், தோட்டத்துக்கும் அதுதான். ஓடைக்கு மேலே வீட்டு மாடுகள் மேய்கின்றன. காட்டுமாடுகள் வந்து புரண்டுவிட்டுப் போகின்றன. அவை செய்வதெல்லாம் ஓஸ் வழியாக ஊருக்குள் வந்து சேர்கிறது.

'காய்ச்சிக் குடிக்க வேண்டியதுதானே?' என்பீர்கள். மேல்மலைக்காரர்களிடம் போய் இதைச் சொல்லிவிடாதீர்கள், சிரிப்பார்கள். வீட்டில் அவர்கள் பச்சைத் தண்ணீரைத் தொடுவதே இல்லை. குளிர் அப்படி. குடிக்கச் சுடுதண்ணீர், குளிக்கச் சுடுதண்ணீர், கால் வலித்தால் சுடுதண்ணீர். காலையில் பைக் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இன்ஜின் மேலேயும் ஒரு சொம்பு சுடுதண்ணீர்தான். அதுவும் ஸ்டார்ட் ஆகிவிடும் என்பது வேறு விஷயம்.

சிக்கல் வீட்டில் இல்லை, தோட்டத்தில். வெள்ளனே கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புகிறார்கள். அங்கே அடுப்பு ஏது? தாகம் எடுத்தால் ஓஸைத் தூக்கி வாய்க்கு நேராகப் பிடிக்க வேண்டியதுதான். தர்ஷினிக்காக மட்டும் செல்வி ஒரு ஃபிளாஸ்க்கில் காய்ச்சிய தண்ணீர் கொண்டுபோவாள். அது முற்பகலிலேயே காலி. பிறகு குழந்தைக்கும் ஓஸ் தண்ணீர். மழைக்காலம் தொடங்கினால் வயிற்றுப்போக்கும் தொடங்கிவிடும். கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு வளைந்து வளைந்து வர வேண்டும். பஸ்ஸை விட்டால் ஜீப்புக்கு ஆள் பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு நாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு செல்வி ரோட்டில் நின்றபோது, காய்கறி ஏற்ற வந்த துரை பார்த்திருக்கிறான். துரைக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடை. என் தம்பியோடு படித்தவன். அதனால் எனக்கும் தம்பி. தன் வண்டியிலேயே ஏற்றிவந்து ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தான்.

"என்னக்கா இது... நாம திங்கிற காயி அந்தப் புள்ளைக தோட்டத்துல இருந்து வருது. அதுகளுக்குக் குடிக்கத் தண்ணி இல்லைங்கிறது எப்படிக்கா?"

துரைக்கு ஒன்று தோன்றினால் தூக்கம் வராது. செல்போனைத் தேய்த்தே கண்டுபிடித்துவிட்டான். டார்ச் லைட் அளவில் ஒரு ஃபில்டர். உள்ளே நூல் போல மெல்லிய குழாய்கள், கட்டுக்கட்டாக. பக்கெட்டை உயரத்தில் வைத்து, ஒரு சின்ன ட்யூபில் இதை மாட்டித் தொங்கவிட்டால் போதும். கிருமியெல்லாம் உள்ளேயே தங்கிவிட, நல்ல தண்ணீர் கீழே இறங்கும். கரண்ட் வேண்டாம், அடுப்பு வேண்டாம். சட்டைப் பையில் போட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுபோகலாம். ஒரு சுமாரான செல்போன் விலைக்கு நாலைந்து வாங்கலாம். என் வீட்டுச் சுவரில் தொங்குகிற, தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் அந்த ஊருக்குப் போனால், கரண்ட் வருகிற நாளுக்காகக் காத்துக்கொண்டே துருப்பிடித்துவிடும்.

கோயம்புத்தூரில் ஒரு கடையில் சொல்லி, வீட்டுக்கு ஒன்று வீதம் வாங்கினான். தீபாவளி முடிந்து நானும் அவனும் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். எப்படி மாட்டுவது என்று காட்டினோம். அடைத்துக்கொண்டால் திருப்பித் தண்ணீர் அடித்துக் கழுவ ஒரு பெரிய சிரிஞ்ச்சும் கூடவே வந்திருந்தது, அதையும் கொடுத்தோம். தர்ஷினி முதல் டம்ளரைக் குடித்துவிட்டு, "இது தண்ணி மாதிரியே இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னாள்.

ஒரே ஒரு குறைதான் எல்லோருக்கும். மெதுவாக வருகிறது. "ஒரு சொம்பு நெறையுறதுக்குள்ள ஒரு பாத்தி களை எடுத்துரலாம்க்கா" என்பாள் செல்வி. ஆனாலும் விடவில்லை. காலையில் பக்கெட்டை நிரப்பிவிட்டு வேலைக்கு இறங்குவாள். தண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். மார்கழி பிறக்கும்வரை தர்ஷினிக்கு ஒருமுறைகூட வயிறு கெடவில்லை. அந்த நம்பிக்கையில் செல்வி ஃபிளாஸ்க்கைப் பரணில் ஏற்றிவிட்டாள்.

இப்போது புரிகிறதா, 'வெரசா வருது' என்றதும் நான் ஏன் குதித்தேன் என்று?

"எப்படிடி சரியாச்சு?" என்று கேட்டேன்.

"காலையில போய்ப் பாத்தா ஒரு சொட்டு வரலைக்கா. ட்யூபெல்லாம் வெறைச்சுப் போய்க் கெடக்கு. ராத்திரி அப்படிப் பனி. சரின்னு வீட்டுக்குக் கொண்டாந்து சுடுதண்ணிக்குள்ள போட்டு வச்சேன். அப்புறம் மாட்டினா... பைப்பு மாதிரி கொட்டுது! அடைப்பெல்லாம் எடுத்துருச்சு. பக்கத்துல எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

பார்த்தீர்களா, நாங்கள் சிரிஞ்ச்சைக் கொடுத்துப் பாடம் நடத்தியதற்கு ஒரு சொம்பு சுடுதண்ணீரில் தீர்வு! துரைக்குச் சொன்னேன். "அக்கா, பத்திரிகையில வர்ற உங்க பத்தியில இதை எழுதிருங்க" என்றான். எழுதவும் உட்கார்ந்துவிட்டேன். மேல்மலைப் பெண்ணின் கைவைத்தியம், அது இது என்று பாதி முடித்தும்விட்டேன். ஒரு போட்டோ இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்ற, அடுத்த ஞாயிறு துரையின் வண்டியில் கிளம்பினோம்.

போட்டோ எடுக்கவில்லை.

நாங்கள் போனபோது தர்ஷினி கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். கண் உள்ளே போயிருந்தது. உதடு காய்ந்திருந்தது. நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு, கூடவே வாந்தி. உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறாள் செல்வி, நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும் அந்தக் குழந்தை ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அப்படியே வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். துரை அவ்வளவு நிதானமாக வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை. வளைவுக்கு வளைவு திரும்பி, "முழிச்சிருக்காளாக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். இளம் டாக்டரம்மா செல்வியிடம் கேட்டார்: "என்ன தண்ணிம்மா கொடுக்குறீங்க?"

"ஃபில்டர் தண்ணிங்க. அது தவிர வேற எதுவும் குடுக்கிறதில்லங்க." சொல்லும்போது செல்வி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப வெளியில எதையோ சாப்பிட்டிருக்கா."

சந்தையில் வாங்கிய பன் மேல் பழி விழுந்தது. நானும் தலையாட்டினேன். பாவம், அந்த பன்.

சாயங்காலம் தர்ஷினி கண் திறந்து, "இந்த ஊசி எப்ப எடுப்பாங்க? எடுத்தா எனக்குத் தருவாங்களா?" என்றாள். அப்பாடா என்றிருந்தது. வெளியே வந்தால், துரை ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருக்கிறான். அதே ஊரில் இன்னும் இரண்டு வீட்டில் வயிற்றுப்போக்காம். எல்லோரும் ஒரே பன்னையா தின்றார்கள்? சந்தேகம் வந்து கோயம்புத்தூர்க் கடைக்காரரைக் கூப்பிட்டிருந்தான். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

துரை நடந்ததையெல்லாம் சொன்னான். கடைக்காரரிடமிருந்து ஒரு கேள்வி.

"ஏனுங்க... ராத்திரியில அதை எங்க வெச்சிருந்தாங்க?"

"தோட்டத்துலதான். கொட்டகைக்கு வெளியே கம்புல தொங்கும்."

"அங்க தண்ணி உறையற அளவுக்குப் பனி விழுமுங்களா?"

"ஜனவரியில புல்லெல்லாம் வெள்ளையாக் கெடக்கும்ங்க."

"அட, தமிழ்நாட்டுல அப்படியொரு ஊரு இருக்குங்களா! அது ஒருக்கா நனைஞ்சப்புறம் உறையவே கூடாதுங்க. உள்ளே இருக்கற குழாய்ல தண்ணி ஐஸாயி, வெடிச்சுப் போயிரும். வெளியே பார்த்தா ஒண்ணுமே தெரியாது. ஆனா தண்ணி மட்டும் நல்லா வேகமா வருமுங்க."

துரை போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் படியில் உட்கார்ந்தேன். கிருமி, சேறு, மாட்டுச் சாணம் எல்லாம் தாராளமாகப் போய்வரக் கதவு திறந்துவிட்டிருக்கிறது. அதைத்தான் நாங்கள் கொண்டாடியிருக்கிறோம்.

செல்வியிடம் சொல்லித்தானே ஆக வேண்டும்? சொன்னேன். தர்ஷினியின் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு, "நான்தானேக்கா என் கையால ஊத்தி ஊத்திக் குடுத்தேன்... 'குடி, இது நல்ல தண்ணி'ன்னு சொல்லிச் சொல்லி" என்றாள். அவள் மேல் என்ன தப்பு? வெறைத்ததைச் சுடுதண்ணீரில் போடாமல் மேல்மலையில் யார்தான் இருப்பார்கள்?

கொடுக்கப் போனவர்கள் நாங்கள். பகலில் போனோம், வெயிலில் மாட்டிக் காட்டினோம், டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். ராத்திரி அது எங்கே தூங்கும் என்று துரைக்கும் தோன்றவில்லை, கொடைக்கானலிலேயே குடியிருந்து பனியைத் திட்டிக்கொண்டிருக்கிற எனக்கும் தோன்றவில்லை.

உடைந்த ஃபில்டர் எது, உடையாதது எது என்று கண்டுபிடிக்கக் கடைக்காரர் ஒரு வழி சொன்னார். நனைந்த ஃபில்டரைத் தண்ணீருக்குள் அமுக்கி, சிரிஞ்ச்சால் காற்றை உள்ளே அழுத்த வேண்டும். குமிழி வந்தால் போச்சு. வராவிட்டால் பிழைத்தது.

தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிய அன்றே எல்லோரையும் கூப்பிட்டாயிற்று. ஃபில்டர்கள் வந்தன. சிரிஞ்ச் எங்கே?

ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "கன்னுக்குட்டிக்கு மருந்து புகட்ட எடுத்தேங்க." இன்னொருவர் வீட்டிலும் கன்றுக்குட்டி. செல்வி வீட்டில் ஆட்டுக்குட்டி. ஊரில் ஒரு சிரிஞ்ச்கூடத் தன் வேலையைச் செய்யவில்லை.

"ஏலே, மாட்டுக்கு வாங்கினதாடா அது?" என்று துரை கத்தினான்.

"மாடு நல்லா இருக்குங்க" என்றார் அவர்.

ஒரு சிரிஞ்ச்சைக் கொதிக்க வைத்து எடுத்து, பக்கெட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். முதலில் செல்வியின் ஃபில்டர். அமுக்கினாள். குபுகுபுவென்று குமிழி. தர்ஷினி கைதட்டிச் சிரித்தாள். அந்தக் கூட்டத்தில் சந்தோஷப்பட்டது அவள் ஒருத்திதான். ராத்திரி வீட்டுக்குள் வைத்திருந்தவர்களுடையது தப்பியிருந்தது, மற்றதெல்லாம் குமிழிதான்.

"நமக்கு எதுக்கு இந்தச் சோலி? பழையபடி ஓஸ் தண்ணியே குடிப்போம்" என்று ஒரு குரல் வந்தது. நியாயமான கோபம். துரை தலையைக் குனிந்துகொண்டான். பதில் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

செல்விதான் பேசினாள். "ஐப்பசியில இருந்து மார்கழி வரைக்கும் என் புள்ள ஆஸ்பத்திரிப் பக்கம் போகல. அது பொய்யா? வெளிய தொங்கவிட்டா வெடிக்கும்னு இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல? உள்ள வப்போம்."

துரை புதியவை வாங்கி வந்தான், சிரிஞ்ச் மட்டும் கூடுதலாக. கன்றுக்குட்டிகளுக்கும் சேர்த்து.

இப்போது பொழுது சாய்ந்தால் ஃபில்டர்கள் தோட்டத்திலிருந்து வீடு திரும்புகின்றன. செல்வி வீட்டில் அது அடுப்படிச் சுவர் ஆணியில், தர்ஷினியின் பழைய கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கொண்டு தூங்குகிறது. அவ்வப்போது குமிழிப் பரீட்சையும் உண்டு. பரீட்சை நடத்துவது தர்ஷினி. ஃபிளாஸ்க்கும் பரணிலிருந்து இறங்கிவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும், நல்லதுதான்.

நமக்கு எதுவுமே வேகமாக வந்தால்தான் நல்லது என்று ஒரு நினைப்பு. பஸ், பார்சல், இன்டர்நெட், பிள்ளைகளின் படிப்பு... மெதுவாக வருவது ஏன் மெதுவாக வருகிறது என்று ஒரு நிமிஷம் நின்று பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. பாதி எழுதி வைத்திருந்த அந்தப் பத்தியைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முடிப்பதற்கு முன்னால் மனசு கேட்கவில்லை. செல்விக்குப் போன் போட்டேன். பின்னால் தர்ஷினியின் குரல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணி எப்படிடி வருது?"

செல்வி சலித்துக்கொண்டாள். "எங்கக்கா... சொட்டுச் சொட்டாத்தான் வருது."

அப்பாடா!