அரை மணி நேரம் பின்தங்கிய கம்ப்யூட்டர்

தொண்ணூறுகளின் கடைசியில் ஏற்காட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் படித்தேன். அங்கே நான்கு கம்ப்யூட்டர்களை வயர் போட்டு இணைத்திருந்தார்கள். தேர்வில் முதலாவதாக வருபவருக்கு எஸ்டேட் ஆபீசில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். வாழவந்தியிலிருந்து பஸ்ஸில் வந்துபோன எனக்கு அந்த வேலை மிகவும் தேவைப்பட்டது.

தேர்வு முடிந்ததும் நாங்கள் எழுதிய புரோகிராம்களை சார் தன் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தார். என்னுடையதும் பக்கத்தில் இருந்த ஸ்டெல்லாவுடையதும் எழுத்துப் பிழைகூட மாறாமல் ஒரே மாதிரி இருந்தன. அவள் சேமித்த நேரம் பத்தரை என்று காட்டியது. நான் சேமித்தது பத்தே முக்கால்.

"பின்னால முடிச்சது நீதான். அப்ப நீதான் பாத்து அடிச்சிருக்கிற" என்றார் சார் என்னிடம்.

"இல்லீங்க சார்" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டெல்லாவோடு அதுவரை நான் சரியாகப் பேசியதுகூட இல்லை. அவள் மெல்ல எழுந்தாள்.

"ஏனுங்க சார், என் கம்ப்யூட்டர்ல மணியப் பாருங்க. அது அரை மணி நேரம் பின்னால ஓடுதுங்க. நாந்தானுங்க அவளோடதப் பாத்து அடிச்சேன்."

சார் போய்ப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான்; அவள் சேமித்தது உண்மையில் பதினொரு மணிக்கு. அன்றே எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் ஒரே நேரத்தை வைத்தார். ஸ்டெல்லாவின் தேர்வு செல்லாது என்றும் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும், "ஏன் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீ அழுவறதப் பாத்துக்கிட்டு எப்படி உக்காந்திருக்கறது?" என்றாள்.

வேலை எனக்குக் கிடைத்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் எழுந்திருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எழுந்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல இன்றும் என்னால் முடியவில்லை.