ஒரு பக்கக் கட்டுரையில் நாலு எழுத்து

பாம்பன் தபாலாபீசில் மூன்றரை மணிக்குப் பை கட்டுவார்கள். ஸ்டெல்லாவும் அவள் அம்மாவும் எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குள் வந்தபோது மணி இரண்டரை. அன்றைய பையில் போகாவிட்டால் விண்ணப்பம் கடைசித் தேதிக்குள் மதுரைக்குப் போய்ச் சேராது. அந்த வருஷம் ஸ்டெல்லாவுக்குக் கல்லூரி இல்லை.

நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் பரீட்சை பாஸ் செய்து, அங்கே ஜாப் டைப்பிங் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கல்லூரி கேட்டவை மூன்று: மார்க் நகல், நன்னடத்தைச் சான்று, ‘என் தந்தை’ என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கட்டுரை. கட்டுரையின் கீழே, எழுதியிருப்பது உண்மை என்று பெற்றோர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். அந்த வாரம் அதே தலைப்பில் ஐந்து பெண்களுக்கு அடித்திருந்தேன். ஐந்து தந்தையரும் அன்பானவர்கள், கண்டிப்பானவர்கள், விடியுமுன் எழுபவர்கள்.

ஸ்டெல்லாவின் தந்தை வேறு மாதிரி இருந்தார். பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே கிழிந்த வலையைப் பொத்துகிறார். கரையேறியதும் தலையைச் சாய்த்துக் காதைத் தட்டுகிறார். மகள் இங்கிலீஷ் படித்தால், “மறுபடி சொல்லு” என்று கேட்டுச் சிரிக்கிறார். எல்லாமே நிகழ்காலத்தில் இருந்தது.

முதலாளி படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மா, ஒங்கப்பா போன வள்ளம் வராம ஒன்றரை வருசமாச்சு. இன்னும் ‘கோஸ்’, ‘கோஸ்’னு எழுதியிருக்கியே? ‘வென்ட்’னு மாத்து. தகப்பன் இல்லாத பிள்ளைன்னு தெரிஞ்சாத்தான் சீட்டு.”

ஸ்டெல்லா வாசலைப் பார்த்தாள். அங்கே அவள் அம்மா செபஸ்தியம்மாள், கழுத்தில் தாலியோடு நின்றிருந்தார்.

“அம்மாவுக்குத் தெரியாம மாத்துங்க சார்.”

முதலாளி சிவப்புப் பென்சிலால் வினைச்சொல் ஒவ்வொன்றையும் திருத்தினார். தந்தை பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று எழுதிச் சுழித்தார். நான் அடித்துக் கொடுத்தேன். மணி மூன்றுக்கு ஐந்து நிமிடம்.

அம்மாவை உள்ளே கூப்பிட்டு ஸ்டாம்ப் பேடைத் திறந்து வைத்தேன். அவர் கட்டைவிரலை மையில் அழுத்தினார். ஸ்டெல்லா கையால் எழுதிவந்த தாள் பக்கத்தில் கிடந்தது; அதில் அவர் கண் போயிற்று.

“அதென்ன செவப்பா சுழிச்சிருக்கு?”

“ஒங்க வீட்டுக்காரர் பேரும்மா. முன்னால லேட்டுன்னு போட்டிருக்கு” என்றார் முதலாளி.

செபஸ்தியம்மாள் முகம் மலர்ந்தது. “லேட்டுதான். நேத்து மெட்ராசு வண்டிகூட மூணு மணி நேரம் லேட்டுன்னாக. வந்துச்சுல்ல? வருவாரு.”

பாம்பனில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரிந்த இங்கிலீஷ் அது. ஸ்டேஷனில் தினமும் காதில் விழுவது. முதலாளி என்னைப் பார்த்துக் கண்ணால் ‘பேசாதே’ என்றார். ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள். விரல் தாளை நோக்கி இறங்கியது.

“அம்மா, இது அந்த லேட்டு இல்ல. எறந்தவங்க பேருக்கு முன்னால போடுறது” என்றேன்.

விரல் அப்படியே நின்றது.

“ஒன்னைய யாரு கேட்டா? நீ டைப்பிஸ்டா, வக்கீலா?” என்றார் முதலாளி.

“ஒரு நிமிசம் சும்மா இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்லக்கா” என்றாள் ஸ்டெல்லா. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

செபஸ்தியம்மாள் மகள் பக்கம் திரும்பினார்.

“ஒனக்கு அர்த்தம் தெரியுமாடி?”

“தெரியும்மா.”

“அவரு செத்தத நீ பாத்தியா?”

“இல்ல.”

“நான் பாத்தனா?”

“இல்லம்மா.”

“பாக்காதத உண்மைன்னு என்னைய நாட்டச் சொல்றியா?” விரலைச் சுவரில் துடைத்தார். பிறகு என்னிடம், “கடலுக்குப் போனவரு இன்னும் திரும்பல. அம்புட்டுதான் எனக்குத் தெரியும். அதப் போடு தாயி, நாட்டுறேன்” என்றார்.

“இப்படி அனுப்புனா சீட்டு கெடைக்காதும்மா” என்றார் முதலாளி.

“கெடைக்காட்டி என்னோட மீன்கூடை தூக்கட்டும்.”

மணி மூன்று ஐந்து. ஸ்டெல்லா ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

“பழையபடி ‘கோஸ்’னே அடிங்கக்கா. நான் வாசிக்கிறேன்.”

புதுத் தாளைச் சொருகினேன். அவள் ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். ஒரு பிழை விழுந்தாலும் ரப்பரால் அழித்துத் திரும்ப அடிக்க நேரமில்லை. கடைசி வரியாக அம்மா சொன்னதை இங்கிலீஷில் அடித்தேன். பிறகு அந்தப் பக்கம் முழுவதையும் தமிழில் சொன்னேன். காதைத் தட்டும் இடத்தில் செபஸ்தியம்மாள், “எடது காது” என்றார். கைநாட்டு வைத்தார். மூன்று இருபத்திரண்டுக்கு ஸ்டெல்லா கவரோடு ஓடினாள். திரும்பி வந்தபோது அவளுக்குப் பேச மூச்சில்லை. பையில் சேர்ந்துவிட்டது என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஐந்து வாரம் கழித்துக் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. விலாசத்தில் அவள் தந்தையின் பெயர். அவர் வந்து பிரிக்கட்டும் என்று அம்மா அதை ஒரு பகல் முழுக்கப் பெட்டியில் வைத்திருந்தாராம். சாயங்காலம் அம்மாவே எடுத்து, கவர் கிழியாமல் ஓரத்தை மட்டும் அறுத்து, “கவரு அவருக்கு, காயிதம் ஒனக்கு” என்று கொடுத்தாராம். சீட்டு கிடைத்திருந்தது.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் கிடைத்திருக்கும். அதனால், நல்லபடியாக முடிந்ததற்காக இதை எழுதவில்லை. இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கைநாட்டு வைப்பவரிடம் தாளில் இருப்பது முழுவதையும் அவர் பேச்சில் சொல்லிவிட்டு, அதன் பிறகு ஸ்டாம்ப் பேடைத் திறங்கள். கேட்டுவிட்டு அவர் எழுந்து போய்விட்டாலும் சரி.